விளக்கு வைப்பதற்குள் ரங்கூன்

என் உசிரே, மாணிக்கம்,

உன் அப்பன் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவன் உன் கூட்டாளி, நசரத்பேட்டை பொன்னுசாமி. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து உன்னோடு நடந்து கிளம்பியவன். மலைக்காட்டில் பேதி கண்டு விழுந்த உன்னை மரத்தடியில் விட்டுவிட்டு வந்தவனும் அவன்தான். எனக்கு எழுத்து வராது. அவனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"நான் கெளம்பசொல்ல மூச்சு இருந்துச்சு பெரிப்பா" என்று வந்து சொன்னான். அந்த ஒரு சொல்லை உன் பெண்டாட்டி கன்னியம்மா பிடித்துக்கொண்டாள். தாலியைத் தொட யாரையும் விடவில்லை. காரியம் செய்துவிடலாம் என்றால், "உசிரோட கீறவருக்கு எள்ளு எறைப்பியா மாமா?" என்று சண்டைக்கு வந்தாள். சீக்காளி மெதுவாகத்தானே நடப்பான் என்பது அவள் கணக்கு. இப்போது ஜப்பான்காரன் சண்டையே முடிந்துவிட்டது, கண்ணு. ஆவடி முகாமில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊருக்குப் போக மூட்டை கட்டுகிறார்கள். அவள் மட்டும் உனக்கும் சேர்த்தே சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் முகாமில் மூட்டை தூக்கிவிட்டு வந்த பொன்னுசாமி, தலைக்கு மேல் போன ஏரோப்ளேனைக் காட்டினான். "ரங்கூனுக்குப் போவுது பெரிப்பா. விடியக்காலம் ஏறினா வெளக்கு வெக்கறதுக்குள்ள எறங்கிடலாமாம்." நடுவே கல்கத்தாவில் எண்ணெய் ஊற்றிக்கொண்டும்கூடவாம். நீங்கள் மாசக்கணக்கில் நடந்த தூரம். உங்கள் அரிசி மில் துரை அப்படித்தான் நாயோடு பறந்து தப்பித்தானாமே? அவன் பெட்டியை ஏரோப்ளேன் வரைக்கும் சுமந்தது நீதானாமே? ரொம்பக் கனமா இருந்துச்சா, நைனா? அந்தப் பெட்டி போன இடத்தில் ஒரு ஆள் உட்கார முடியாதா?

கன்னியம்மா அரிசி களைந்த தண்ணீரோடு கேட்டுக்கொண்டு நின்றாள். "அவ்ளோ கிட்டயா கீது?" என்றாள். களைந்த தண்ணீரை வாசலில் கொட்டினாள். பிறகு அவளே சொன்னாள்: "தூரம்னுதான் மாமா காத்துகினு இருந்தேன். அவ்ளோ கிட்ட இருந்துகினு வரலன்னா, அவுரு இல்ல."

அன்றைக்கு ஒரு ஆள் சோறு குறைந்தது.

இந்த இடத்தில் பொன்னுசாமி எழுதுவதை நிறுத்திவிட்டு அழுகிறான். "எழுதுடா" என்றேன். "என்னைத் திட்டி ரெண்டு வார்த்த சொல்லு பெரிப்பா, அதையும் எழுதறேன்" என்கிறான். என்னத்தைச் சொல்ல? அவனும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் நசரத்பேட்டையிலும் ஒருத்தி உலையில் அரிசி கூட்டிப் போட்டுக்கொண்டிருப்பாள். இருந்தாலும் அவன் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. உன்னால் முடியுமா?

நீ போன நாள் தெரியாது. அதனால் வருகிற அமாவாசைக்கு, கன்னியம்மா கையால் வடித்த சோற்றை ஏரிக்கரையில் உனக்கு வைப்பேன். எனக்கு உயிர் உள்ளவரை ஒரு அமாவாசையும் தவறாது. இது சத்தியம். காக்காய்க் கூட்டத்தில் உன்னைத் தேடிக்கொண்டு நிற்பேன். இந்தத் தடவை நடக்காதே, நைனா. பறந்து வா.

எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனுக்குச் சோறு வைக்கும்
உன் அப்பன்,
முத்தாபுதுப்பேட்டை.