கொட்டகைக்குள் உங்கள் அண்ணன்

அம்சா அப்பாவுக்கு,

என் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாம். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன். கேப்பைக் களியும் மல்லாட்டைத் துவையலும் மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று நீங்கள் வண்டிக்கு பெல்ட் வாங்க விழுப்புரம் போயிருந்தபோது உங்கள் அண்ணன் வந்தார். கொட்டகைக்குள் போய், உங்கள் அப்பாவின் பழைய பெட்ரோல் டிராக்டரைத் தடவிக்கொண்டு நின்றார். "ஸ்டார்ட் ஆவுதா? சாவி எங்க வெச்சிக்கினு இருக்கான்?" என்றார். சொத்தைப் பாகம் பிரித்தபோது, "துரு புடிச்ச சனியன், காயலான் கடையில போடு" என்று தள்ளிவிட்டவர்தான் அவர். நீங்கள் ஒவ்வொரு போல்ட்டாகக் கழுவிப் பூட்டி முடித்த பிறகு பாசம் எங்கிருந்து வந்தது?

சாயங்காலம் மறுபடி வருவாராம். அவர் வாய்விட்டுக் கேட்டால், "அண்ணந்தானே, எடுத்துக்கினு போவட்டும்" என்று சொல்லிவிடுவீர்கள். உங்களையும் நான் நம்பவில்லை.

ருக்கு

பி.கு. வண்டி கிளம்பாது, பயப்படாதீர்கள். கார்புரேட்டரைக் கழற்றி, சேலையில் சுற்றி என் பையில் எடுத்துப் போகிறேன். நீங்கள் பூட்டும்போது விளக்குப் பிடித்தவள் நான்தானே, எப்படிக் கழற்றுவதென்று எனக்குத் தெரியாதா?

என்னை அழைத்துப்போக நீங்களே வாருங்கள். அண்ணனை அனுப்ப வேண்டாம்.