கூட்டாளி இறந்தால்

நவம்பர் 12, 2006, ஞாயிறு. தாம்பரம்.

“சார், பார்ட்னர்ல ஒருத்தர் இறந்துட்டா கடையும் முடிஞ்சிடுமா?” என்று மாலையில் பர்வீன் கேட்டாள். என் பழைய மாணவி, பல்லாவரத்துத் தோல் வியாபாரியின் மகள். வணிகமும் சட்டமும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பில் இரண்டாம் வருடம். நாளை தேர்வு.

உதாரணம் இல்லாமல் எனக்குப் பாடம் வராது. “உங்க கடையையே எடுத்துக்கோம்மா. அத்தாவும் ரெண்டு சித்தப்பாக்களும் பார்ட்னர்ஸ். நாளைக்கே அத்தா இல்லேன்னு வெச்சுக்கோ…” என்று ஆரம்பித்து, பத்திரத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் கடை கலைந்துவிடும் என்பதுவரை சொல்லி முடித்தேன். அவள் நிமிரவேயில்லை. அப்போதுதான் உறைத்தது. அவள் அத்தா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வந்தவுடன் அவளே சொல்லியிருந்தாள்.

“புரிஞ்சுது சார்” என்று எழுந்து போய்விட்டாள். காபியைத் தொடவில்லை.

“ஏங்க, உதாரணத்துக்கு உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?” என்றாள் என் மனைவி.

நான் சொன்ன பாடத்தில் தவறில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்தக் கேள்வி நாளை வந்தால், பிள்ளை எதை நினைத்துக்கொண்டு எழுதுவாள்?

எனக்கு நானே எழுதிக்கொள்வது: காலையில் அவள் கிளம்புமுன் போன் செய். அதே பாடத்தை மறுபடி சொல். சாகும் கூட்டாளியாக இந்த முறை உன்னை வைத்துக்கொள்.