பெருக்கிய பாத்தி

சித்திரை 12, வெள்ளி

பண்ணையில் கத்தரிப் பாத்தியில் கிடந்த சருகுகளைக் குப்பை என்று நினைத்து, ஒன்று விடாமல் பெருக்கி எடுத்துவிட்டேன். வேர் காயாமலிருக்கப் போட்ட மூடாக்காம் அது. மதியத்துக்குள் நாற்றுகள் தலை சாய்ந்துவிட்டன.

பண்ணையை நடத்தும் ஸ்டெல்லா, ஒரகடத்தில் தொழிற்சாலை லைன் வேலையை விட்டு வந்தவள், இடுப்பில் கைவைத்து நின்றாள். "இன்னா சார், கல்யாண வூடு கணக்கா பெருக்கி வச்சிக்கிறீங்க?"

சம்பளமில்லாமல் செய்ய வந்த வேலையிலும் இப்படி. இனி வரவேண்டாம் என்பாள் என்று காத்திருந்தேன்.

"அந்தத் துண்டக் குடுங்க சார்" என்று என் தோளைக் காட்டினாள்.

நான்கு குச்சி நட்டு, அதை நாற்றுகளுக்குப் பந்தலாகக் கட்டினாள். மின்சாரமில்லாத இடம், கிணற்றில் நான் இறைத்து ஊற்றினேன். சருகுகளை இருவருமாகப் பரப்பினோம்.

கிளம்பும்போது துண்டைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

"காலைல வந்து நீங்களே அவுத்துக்குங்க" என்றாள்.

ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டு நாற்றாவது நிமிர்ந்திருக்க வேண்டும்.