கிழித்த நாவலின் மீதிப் பாதி

தம்மாம்

அன்புள்ள ஃபைஸாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

நான் கிளம்பிய அன்று பெட்டி எடை கூடியதும், "கனமா கீது, பாதிய எடுத்துக்கினு போ" என்று நாவலை இரண்டாகக் கிழித்தாய். உன் அண்ணன் தந்த வாழ்க்கை முன்னேற்றப் புத்தகத்தை மட்டும் முழுசாக வைத்தாய். அதைப் பன்னிரண்டாம் பக்கத்தில் மூடிவிட்டேன். நாவலை மூட முடியவில்லை. நேற்று கம்பெனி பஸ்ஸில் படித்துக்கொண்டே இறங்க மறந்து, வெயிலில் ஒரு மணி நேரம் திரும்பி நடந்தேன். சிரித்துக்கொள்.

உன் அண்ணன் பிடித்துக் கொடுத்த இந்த வேலையை அப்படி மூட முடியாது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது.

லீவில் நம் கோவளத்துக்கு வரும், என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் அய்மனிடம் நாவலின் மீதியும் தலைவலித் தைலமும் கொடுத்தனுப்பு. பஸ் வந்துவிட்டது. கதையின் முடிவை மட்டும் போனில் சொல்லிவிடாதே. அடுத்து என்ன என்று தெரியாததாக இங்கே எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

சுபஹான்