கக்கூஸுக்கு ஒரு சட்டம்

யூதத் தெருவான ஜூ டவுன் பக்கம் இன்று சுக்கு காயப்போட்டிருந்தார்கள். அந்தக் காரம் மூக்கில் ஏறியதும், பக்கத்தில் நீ தும்முவது கேட்டது போலிருந்தது. சுற்றுலாக்காரர்கள் குவியலைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு குவியலின் இரு பக்கமும் உட்கார்ந்து புடைத்தவர்கள் நாம். கிடங்கில் கக்கூஸ் இல்லாததால் மாலைவரை தண்ணீர் குடிக்காதவர்கள். உனக்கு நீர்க்கடுப்பு ஓயாது. "நல்லா வெள்ளம் குடிக்கணும்" என்றார் டாக்டர். "குடிச்சா எங்கே போறது சாரே?" என்றாய்.

கிடங்குத் தொழிலாளர்களுக்கு மசோதா வருகிறது என்றதும் நம் சங்கத்தின் சார்பில் நீதான் போனாய். மசோதாவை ஆராய்ந்த சட்டமன்றக் குழு எறணாகுளத்தில் கருத்துக் கேட்டது. பெண்கள் வேலை செய்யும் கிடங்கில் கழிப்பறை "அமைக்க வேண்டும்" என்று ஒரே ஒரு வரி கேட்டாய். குழு சேர்த்துக்கொண்டது. குழுவிலிருந்த நம் எம்.எல்.ஏ. உன் தோளருகில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

சபையில் மசோதா வந்த நாள் திருவனந்தபுரம் போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். எதிர்க்கட்சியினர் வேறு எதற்கோ சபாநாயகர் முன் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலில் மந்திரி ஒரு திருத்தம் சொன்னார். "அமைக்க வேண்டும்" என்பது "அமைக்கலாம்" ஆனது. ஆதரிப்பவர்கள் யார் என்று சபாநாயகர் கேட்டதும், போனிலிருந்து தலை நிமிராமலே நம் எம்.எல்.ஏ. "ஆம்" என்றார். விவாதமே இல்லை. மசோதா நிறைவேறிவிட்டது. மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

வெளியே நம்மைக் கண்டதும் எம்.எல்.ஏ., தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "பில் பாஸாயல்லோ சேச்சி! சந்தோஷமா போங்கோ" என்றார்.

"வேணும்னு இருந்தது லாம்னு ஆயிப்போச்சே சாரே?" என்று கேட்டாய்.

"ஓ, அது சின்ன பாஷைக் காரியம்."

"அப்போ உங்க சபைக் கக்கூஸுக்கும் லாம்னு எழுதுங்க. நாங்க நோக்கறோம்."

சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போனார். கவர்னர் கையெழுத்திட்டார். "லாம்னுதானே இருக்கு" என்றார் கிடங்கு முதலாளி. உன் நீர்க்கடுப்பு சிறுநீரகம்வரை ஏறி, போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய்.

உன் நினைவுக் கூட்டத்துக்கும் எம்.எல்.ஏ. வந்தார், வெள்ளை வேட்டி கசங்காமல். "இந்தச் சட்டம் நம்ம சேச்சி தந்ததாக்கும்" என்று குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார். எனக்கு மேடைப் பழக்கமே கிடையாது. ஆனாலும் எழுந்துபோய் மைக்கை வாங்கினேன். "அவ கேட்டது வேணும். நீங்க ஆம் சொன்னது லாமுக்கு. மேல இருந்து நான் கண்டேன்." பெண்கள் கைதட்டவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சாயாவுக்கு நிற்கவில்லை.

மறுநாள் ஒருத்தியும் வேலைக்கு இறங்கவில்லை. கிடங்கு வாசலில் உட்கார்ந்தோம். கப்பலேற வேண்டிய சரக்கு உள்ளே கிடந்தது. வாரம் முடியும் முன் முதலாளியே கொத்தனாரைக் கூட்டிவந்தார். அத்தனை பெரிய சபையால் எழுப்ப முடியாத நாலு சுவர் எழும்பிவிட்டது.

திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ. வரலாமா என்று அவருடைய ஆள் கேட்டான்.

"கதவைத் தள்ளினா போதும், தன்னால திறக்கும்" என்றேன்.

உன் நாக்கு இப்போது என் வாயில் இருக்கிறது. இதைத் திருப்பித் தர மாட்டேன்.