துணிக்குள் செக்ரோல்

2004 ஜனவரி 11, ஞாயிறு

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஜனார்த்தனன் இன்றும் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தான். கக்கத்தில் ஒரு தாள் கட்டு. மருமகள் ராகினி சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்தான். பொங்கலுக்குள் இது மூன்றாம் தடவை.

என் மகன் நடராஜா கொழும்பில் கடைச் சிப்பந்தி. மாதத்துக்கு ஒரு முறைதான் வருவான். ஆபீஸ் கிளாக்கருக்கு எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் என்ன வேலை?

எழுதி வைக்கிறேன். இரண்டாம் வகுப்போடு நின்ற கை, மெதுவாகத்தான் ஓடும். ஆனால் பிறகு எவரும் கிழவனுக்கு ஞாபகப் பிசகு என்று சொல்லக் கூடாது. எனக்கு ஒன்றும் மறப்பதில்லை.

ஜனவரி 13

கேட்டேவிட்டேன். தாள் எதற்கு?

"போர்வைக்கு மாமா."

மாவனல்லை ஹபீலா டீச்சர் கொடுக்கும் வேலையாம். தாளை ஆறு மூலையாக வெட்டுகிறாள். அதன்மேல் துண்டுத் துணியை மடித்து நூலோட்டுகிறாள். பிறகு ஒன்றோடு ஒன்றை ஓரத்தில் தைத்தால் பூப்போல வருகிறது. "மெல்லிசுக் கடதாசின்னா மடங்கிப் போயிரும். ஆபீஸ் தாளு நல்ல மொத்தம்."

போர்த்திக்கொண்டால் சரசரக்காதா?

"தாளை உருவிருவோம் மாமா."

உருவப்போகிற தாளை எதற்கு வைப்பது? பதில் பொருந்தவில்லை.

ஜனவரி 19

மார்ச் 6 பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை, பிரஜாவுரிமை இல்லாதவர்களைப் பதிவு செய்வார்கள் என்று கிராம சேவகர் சொன்னார். புதுச் சட்டப்படி 1964 அக்டோபரில் இலங்கையில் இருந்ததற்கு ஒரு தாள் காட்டினால் நல்லதாம். என் பதிவு நின்றால்தான் நடராஜாவுக்கும் வழி. அடையாள அட்டை இல்லையென்று அவனைக் கொழும்பில் இரண்டு தடவை பொலிஸில் உட்கார வைத்துவிட்டார்கள். என் தாளெல்லாம் போன மே மாத வெள்ளத்தில் தகரப்பெட்டியோடு போயிற்று.

ஆபீசுக்குப் போய் அந்த வருடத்துச் செக்ரோலைக் கேட்டேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தினமும் பேர் போடும் புத்தகம். நான் ரப்பர் பால் வெட்டிய ஒவ்வொரு நாளும் அதில் இருக்கும்.

"அதெல்லாம் கறையான் தின்னுருச்சு தாத்தா" என்றான் ஜனார்த்தனன். என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டே சொன்னான்.

ஜனவரி 20

கறையான் தின்ற அலுமாரியில் மண் இருக்கும். நேற்று ஆபீசில் பார்த்த அலுமாரி துடைத்துவிட்டது போல இருந்தது.

பிப்ரவரி 2

இதைத் தேதியோடு எழுதுகிறேன்.

ராகினி பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கட்டில்மேல் தைத்த பூ ஒன்று கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் துணி மடிப்புக்கு நடுவே தாள் தெரிந்தது. நீலக் கோடுகள். மை மங்கிய குறிகள். ஒரு வரியில் சிவப்பு மையில் மூன்று புள்ளடி, வராத நாளுக்குப் போடும் பெருக்கல் குறி; அடுத்த கட்டத்தில் ஒரு அரைப்பேர். அதற்குக் கீழ்வரியில் நடுவில் ஒரே ஒரு புள்ளடி.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. சிங்களம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் குறிகளை வாசித்தேன். என் நாட்கள்.

1964 அக்டோபர் 13, 14, 15 நான் வேலைக்குப் போகவில்லை. 16ஆம் தேதி போனேன், பாதி நாளில் திரும்பிவிட்டேன். அரைப்பேர்தான் போட்டார்கள். செக்ரோலில் எனக்கு நம்பர் 118. கீழே 119 என் மச்சான். 14ஆம் தேதி அவனும் வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தவன் அவன்தான்.

கறையானாம்! கறையான் எங்கே தின்றது? ரெண்டு பேருமாச் சேந்து என்னைய வெட்டித் தைக்கிறாங்க. என்னையும் என் மகனையும்.

கத்தரியை எடுத்து நூலை வெட்டி இழுத்தேன். தாள் வந்தது. பூ நாலாகப் பிரிந்தது. ராகினி வாசலில் குடத்தோடு நின்றாள்.

"மாமா! கோழி கிண்டுற மாதிரி என்னா வேல இது? ரெண்டு நாளு தச்சது!"

தாளைக் காட்டினேன். கத்தினேன். கிளாக்கரோடு உனக்கென்ன என்றும் கேட்டுவிட்டேன். பக்கத்துக் காம்பராவில் சத்தம் நின்றுபோயிற்று.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "சந்தேகம் என் மேலயா, தாளு மேலயா? மொதல்ல அதச் சொல்லுங்க."

தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனேன்.

பிப்ரவரி 3

சோறு மட்டும் வைத்தாள்.

பிப்ரவரி 5

அவளே வந்து உட்கார்ந்தாள். "அந்த மூணு நாளும் ஏன் போகல?"

"பிள்ளை செத்துப்போச்சு. அன்னலட்சுமி. ஒம்பது மாசம்."

"அவருக்கு முன்னாடி ஒரு அக்கா இருந்தாங்களா? அவரு சொன்னதே இல்லையே."

"அவனுக்கே தெரியாது." என் பெண்சாதி இருளாயி, தான் சாகும்வரை அந்தப் பேரை வீட்டில் எடுத்ததில்லை. நானும்.

ராகினி கட்டிலடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தாள். உள்ளே ஆறு மூலைத் தாள்கள், நூறுக்கு மேல் இருக்கும். சுத்தி ஆறு பக்கமும் தைத்து முடித்த துண்டிலிருந்து தாளை உருவி, திரும்பவும் பாவிப்பார்களாம். எறிவதில்லை. வெட்டும்போதும் இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டித்தான் வெட்டியிருக்கிறாள்.

"அப்ப பொருத்தலாம் மாமா. துணிய விடக் கடதாசி லேசு."

பிப்ரவரி 10

ஐந்து நாளாகத் தரையில் பரப்பித் தேடுகிறோம். போர்வைக்குள் மாட்டியிருந்ததைச் சுத்திவரத் தைத்து உருவினாள். எனக்காகப் பிரிக்க மாட்டாளாம். "இன்னொருக்கா பிரிச்சா டீச்சர் வேலையே குடுக்காது." நான் குறிகளைப் பார்த்து யார் வரி என்று சொல்வேன். அவள் ஓரத்தைப் பொருத்துவாள்.

மாதமும் வருடமும் உள்ள மேல்துண்டு இல்லை. 118 உள்ள துண்டும் இல்லை. போன மாதம் மாவனல்லைக்கு அனுப்பிய போர்வையில் ஓரத்துத் துண்டுகளில் தாள் அப்படியே இருக்குமாம். ஓரத்துக்கு ஆறு பக்கம் ஏது?

அதை இந்நேரம் டீச்சர் விற்றிருப்பாள். அல்லது இல்லை என்பாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மூன்று பஸ் மாறிப் போனோம். ஹபீலா டீச்சர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். வேலையில் குறை சொல்ல வந்தவன் என்று நினைத்தாரோ? ராகினி விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் போர்வையை உள்ளேயிருந்து எடுத்துவந்து விரித்து, தன் கையாலேயே ஓரத்து நூலை வெட்டினார்.

கடைசி மூலைக்கு முந்தியதில் வந்தது: 1964. அதற்கடுத்ததில் 118.

நான் அழவில்லை. தூசி.

பிப்ரவரி 22

ராகினி தாளோடு தாளைத் தைத்து முடித்தாள். துணி இல்லாத போர்வை போல செக்ரோலின் ஒரு பக்கம். கீழே மட்டும் இரண்டு துண்டு குறைவு.

கிளாக்கர் வந்து பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று. "பழைய புத்தகமெல்லாம் எரிக்கச் சொல்லி தொரை ஓடர் தாத்தா. மழையில எரியல. ராகினி அக்கா தாளு கேட்டிச்சு, குடுத்தேன். உள்ள என்னா இருக்குன்னு பாக்கல." கறையான் கதை தோட்ட மானேஜர் துரை சொல்லிக் கொடுத்ததாம்.

நம்பலாமா? பாதி நம்பினேன்.

மார்ச் 6, சனி

பள்ளிக்கூடத்தில் வரிசை. மேசையில் இருந்த அதிகாரி சிங்களவர், இளவயது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலைத் தடவினார். "சீயா, இதை யார் தைத்தது?" என்று சிங்களத்தில் தாத்தா முறை வைத்துக் கேட்டார். மருமகள் என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, இது உண்மையான செக்ரோல் என்று தோட்டத்து ஆள் யாராவது சொல்ல வேண்டும் என்றார்.

துரை வாசலில் நின்றார். ஜனார்த்தனன் அவர் பக்கத்தில். வாயே திறக்க மாட்டான் என்று நினைத்தேன். எழுதி வைத்தது போல நிச்சயமாக நினைத்தேன்.

அவன் துரையைப் பார்த்தான். பிறகு மேசைக்கு வந்தான். "ஓவ் சேர். அபே வத்தே எக தமாய்." ஆமாம், எங்கள் தோட்டத்துடையதுதான். கையெழுத்தும் போட்டான்.

தாளை ஃபைலில் வைக்க வேண்டும் என்றார் அதிகாரி. எனக்கு ஒரு துண்டு மட்டும் வேண்டும் என்றேன். அவர் வருடத்தையும் நம்பரையும் பார்த்தார், பிறகு புள்ளடித் துண்டைப் பார்த்தார். சரி என்று கையை அசைத்தார். ராகினி பையிலிருந்து கத்தரியை எடுத்து ஆறு பக்க நூலையும் வெட்டினாள். செக்ரோல் பக்கத்தின் நடுவே ஆறு மூலை ஓட்டை ஒன்று.

அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தேன்.

மார்ச் 28

நடராஜாவின் பதிவுச் சீட்டும் வந்துவிட்டது. அக்காவைப் பற்றி அவனிடம் சொன்னேன். அந்தப் புள்ளடித் துண்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தான்.

ஜனார்த்தனனைக் கீழ் டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். போகுமுன் எரியாமல் கிடந்த மீதிக் கட்டுகளைக் கொண்டுவந்தான். ராகினி சிரித்தாள். நான்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

ஆனால் நான் பார்க்காமல் ஒரு தாளிலும் கத்தரி விழக் கூடாது. இன்று 1964 ஆகஸ்ட் வந்தது. 74ஆம் நம்பர், இரண்டு நாள் வரவில்லை, மூன்றாம் நாள் அரைப்பேர். யாரென்று எனக்குத் தெரியும். அவன் மகளுக்கு இன்னும் பதிவு இல்லை.

தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு அவள் இருக்கும் மேல் லயத்துக்குப் போனேன்.