உன் படத்துக்குக் கீழே எழுதாத வரி

அவர்கள் உன்னை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. தெங்கேராவில் அந்தக் கார் ஷோரூம் வாசலில் போன வாரம் தீபாவளி பேனர் கட்டினார்கள். போன வருடம் எடுத்த படம்தான். வெள்ளைக் கார், பானெட்டில் சிவப்பு ரிப்பன், பட்டு வேட்டியில் நீ, பக்கத்தில் உன் மனைவி, அவள் இடுப்பில் பாப்பா. கீழே கொட்டை எழுத்தில், 'உங்கள் குடும்பத்துக்கு ஒரு காவலன்'. வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை எடுத்தது தங்கா பத்து கோயிலில், உன் கார் பூசையன்று. ஷோரூம் விற்பனையாளர் கேமராவோடு வந்திருந்தார். நாலு சக்கரமும் எலுமிச்சம்பழத்தை நசுக்கி முன்னேறியதும், "பாஸ், ஒன் மோர் டைம் லா, லெமன் கிளியரா விழல" என்றார். பூசாரி முகம் சுளித்தார். "அது ஒரு தடவதான்பா ஏத்தணும்."

"ரெண்டு தடவ ஏத்துனா டபுள் புரொடெக்‌ஷன் லா சாமி" என்று நீ சிரித்தாய். காரைப் பின்னால் எடுத்து, புதுப்பழம் வைத்து, மறுபடி ஏற்றினாய். நானும் கைதட்டினேன்.

வாங்குவதற்கு முன் நீ ஒன்று கேட்டாய். விளம்பரத்தில் பக்கவாட்டில் மோதும்போது கதவோரமெல்லாம் ஏர்பேக் விரிகிறதே, "அது இதுலயும் இருக்குதானே?" "சேம் கார் பாஸ், சேம் பேட்ஜ்" என்று முகப்பிலிருந்த கம்பெனிச் சின்னத்தைத் தட்டிக் காட்டினார் அதே ஆள். உனக்குக் கிடைத்தது அந்தப் பெயரில் வரும் மலிவான ரகம். முன்னால் இரண்டு ஏர்பேக், அவ்வளவுதான். சிற்றேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நாம் இருவருமே அதைப் படிக்கவில்லை.

அந்த பேட்ஜ் உனக்கு ஏன் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். ரப்பர் எஸ்டேட் கூலி வீட்டுப் பிள்ளை நீ. பழைய காரில் போனபோது ஹோட்டல் காவலாளி உன்னைப் பின்வாசலுக்குப் போகச் சொன்னான். புதுக்காரைப் பார்த்ததும் அவனே சல்யூட் அடித்தான். "பாத்தியா மச்சான், இனிமே எவனும் என்னை எஸ்டேட்காரன்னு சொல்ல மாட்டான்." "காரத்தான்டா மாத்துன, மூஞ்சி அதேதான்" என்றேன். அன்று முழுக்க நீ என்னோடு பேசவில்லை. உன்னைக் குத்தியிருக்கக் கூடாது. யாருக்குச் சல்யூட், யாருக்குப் பின்வாசல் என்று அந்தக் காவலாளிக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதே விளம்பரங்கள்தான்.

மஸ்ஜித் தானா சந்திப்பில் லாரி உன் கதவில் மோதியது. பக்க ஏர்பேக் இருந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் காரில் அது ஏன் இல்லை என்று உன் சாவு வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"பழத்த ரெண்டாவது தடவ ஏத்துனான்ல, அதான் சாமிக்கு ஆகல" என்றார் உன் மாமா.

"கார் நல்ல கார் லா. இவன்தான் வேகமா போயிருப்பான்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பழத்தின் மேல் பழி போட்டார்கள், உன் மேல் போட்டார்கள். காரை ஒருவரும் தொடவில்லை. அடுத்த மாதமே உன் மாமா அதே பேட்ஜில் ஒன்று புக் பண்ணினார்.

பேனரை இறக்கச் சொல்லப் போகிறேன் என்று உன் மனைவியிடம் சொன்னேன். "வேணாம்ண்ணே. பாலர்பள்ளி வேன்ல போறப்ப பாப்பா டெய்லி கை காட்டுறா" என்றாள்.

நேற்று ஷோரூமுக்குப் போனேன். உன்னைப் படமெடுத்த அதே ஆள்தான் இருந்தார். "படம் இருக்கட்டும். அதுக்குக் கீழ, அதே பெரிய எழுத்துல, அவன் கார்ல எத்தன ஏர்பேக் இருந்துச்சுன்னு எழுதுங்க" என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். "பாஸ் இப்ப என்ன கார் ஓட்டுறீங்க?" என்று கேட்டார். அதற்குள் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் உள்ளே வர, சிரித்துக்கொண்டே எழுந்து அவர்களிடம் போய்விட்டார்.

அவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்: "எத்தனன்னு எழுதுங்க!"